நம் ஊர் வெயிலில் வீட்டு டியோடரண்ட்: தப்பு உங்கள் கையில் இல்லை, செய்முறையில்

கேள்வி: ஆறு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், கால் கப் சமையல் சோடா, கால் கப் ஆரோரூட் மாவு, கொஞ்சம் லாவண்டர் எண்ணெய் கலந்து வீட்டிலேயே டியோடரண்ட் செய்தேன். முதல் வாரம் அருமையாக இருந்தது. பத்தாம் நாள் கக்கம் சிவந்து எரிய ஆரம்பித்தது. இப்போது லேசாகக் கறுத்தும் இருக்கிறது. "உடம்பு நச்சை வெளியேற்றுகிறது, விடாமல் போடுங்கள்" என்கிறார்கள். எங்கே தவறு செய்தேன்? வேலூர் வெயிலுக்கு ஒத்துவருகிற மாதிரி வேறு செய்முறை உண்டா?

பதில்:

முதலில் அதைப் போடுவதை இன்றே நிறுத்துங்கள். நச்சு வெளியேறுகிறது என்பது சும்மா பேச்சு. உடம்பின் கழிவை வெளியேற்றுவது முக்கியமாகக் கல்லீரலும் சிறுநீரகமும்தான், அக்குள் அந்த வேலைக்கு ஏற்பட்டதில்லை. உங்களுக்கு வந்திருப்பது சோடாவின் காரத்தன்மை பட்டுத் தோல் புண்ணாகிற எரிச்சல். இரண்டு வாரம் அங்கே எதுவும் போடாதீர்கள். தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, எரிச்சல் அதிகமானால் மருந்துக் கடையில் கிடைக்கும் கலமைன் லோஷன் மட்டும் தடவுங்கள். நீர் வடிந்தாலோ, சிவப்பு பரவினாலோ தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். கறுப்பைப் போக்க எலுமிச்சம்பழத்தைத் தேய்க்க மட்டும் போகாதீர்கள். அது ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் வேதியியல் படித்தவன். பல வருடமாக வீட்டுக்கும் சொந்தக்காரர்களுக்கும் சோப்பு காய்ச்சித் தருகிறேன். நீங்கள் சொன்ன அதே செய்முறையை நானும் ஒரு காலத்தில் செய்து பார்த்து, அதே இடத்தில் சிவந்து போய் உட்கார்ந்திருந்தேன். கையை அகட்டி வைத்துக்கொண்டு நடந்ததைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள். அதனால்தான் "முதல் வாரம் அருமை, பத்தாம் நாள் எரிச்சல்" என்று படித்ததுமே காரணம் பிடிபட்டுவிட்டது.

தேங்காய் எண்ணெய் உறைகிற வெப்பநிலை சுமார் 24 டிகிரி. இந்தச் செய்முறை பரவியது குளிர் தேசத்து வீடுகளில். அங்கே அறைக்குள் 20 டிகிரிதான் இருக்கும். எண்ணெய் வெண்ணெய் மாதிரி உறைந்து நிற்கும், அதற்குள் சோடாவும் மாவும் அப்படியே சிக்கி ஒரே சீராக இருக்கும். விரலால் எடுத்தால் ஒவ்வொரு முறையும் அதே அளவு சோடா வரும். நம் ஊரில்? மார்கழி விடியற்காலையைத் தவிர, தேங்காய் எண்ணெய் உறைந்து நாம் பார்ப்பது அரிது. குப்பியில் எண்ணெய் உருகி நின்றால், எண்ணெயைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் அடர்த்தியுள்ள சோடா அடியில் போய் உட்கார்ந்துவிடும். முதல் ஒரு வாரம் நீங்கள் மேலே நின்ற எண்ணெயையும் கொஞ்சம் மாவையும்தான் தடவியிருப்பீர்கள். பத்தாம் நாள் விரல் அடியைத் தொட்டபோது வந்தது ஏறக்குறைய சோடாக் குழம்பு.

அளவும் ஒரு காரணம். கால் கப் சமையல் சோடா என்றால் 55 கிராம் வரை வரும். ஆறு மேசைக்கரண்டி எண்ணெய் 80 கிராம், மாவு 30 கிராம். ஆக மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு சோடா. அடியில் தங்கியதில் இன்னும் கூடுதல். கப்பாலும் கரண்டியாலும் அளக்கும்போது இது கண்ணில் படாது. சமையலறைத் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தோலில் போடுகிற எதையும் கிராமில் அளப்பதுதான் நல்லது.

சோடா ஏன் எரிக்கிறது, அதே சோடா ஏன் வாடையையும் போக்குகிறது? இரண்டுக்கும் காரணம் ஒன்றே. வியர்வைக்கு வாடையே கிடையாது என்பதில் இருந்து தொடங்க வேண்டும். உடம்பு முழுக்க இருக்கிற வியர்வைச் சுரப்பிகள் உப்புத் தண்ணீரைத்தான் விடுகின்றன. வெயிலில் நெற்றியில் வழிகிறதே, அது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் இன்னொரு வகைச் சுரப்பி இருக்கிறது. அது பருவ வயதில்தான் விழித்துக்கொள்கிறது. எட்டு வயதுப் பையன் நாள் முழுக்க விளையாடிவிட்டு வந்தாலும் கக்கம் நாறாது, பதினான்கு வயதில் வீட்டையே தூக்கும். அந்தச் சுரப்பி விடுவது கொழுப்பும் புரதமும் கலந்த திரவம். அதற்கும் வாடை இல்லை. ஆனால் தோலில் குடியிருக்கும் சில பாக்டீரியாக்களுக்கு அது விருந்து. கோரினிபாக்டீரியம் என்ற இனமும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஹோமினிஸ் என்பதும் இதில் முக்கியமானவை. அவை அந்தத் திரவத்தை உடைக்கும்போது சில கொழுப்பு அமிலங்களும் கந்தகம் கலந்த சேர்மங்களும் வெளியே வருகின்றன. ஒரு அமிலத்துக்குச் சீரக வாடை. கந்தகச் சேர்மத்துக்கு வெங்காய வாடை, அது இம்மி அளவு இருந்தாலே மூக்கில் ஏறும். கற்றாழை நாற்றம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதெல்லாம் இந்தக் கலவையைத்தான்.

இது எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதும் இல்லை. ஏபிசிசி11 என்று ஒரு மரபணு இருக்கிறது. அதன் ஒரு வகை அமைந்தவர்களுக்குக் காதுக் குறும்பி ஈரமாக இல்லாமல் உலர்ந்து பொடியாக இருக்கும், அக்குள் வாடையும் அநேகமாக இருக்காது. கொரியா, சீனா, ஜப்பான் பக்கம் பெரும்பாலோர் இப்படி. "கொரியாக்காரர்கள் டியோடரண்டே போடுவதில்லை, அவர்கள் அழகுக் குறிப்பு இது" என்று யாராவது வீடியோ போட்டால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது குறிப்பு இல்லை, பிறவி.

சரி, சோடா. பாக்டீரியா விடுகிற அமிலத்தோடு சோடா சேர்ந்தால் அது உப்பாக மாறிவிடும். உப்பு ஆவியாகி மூக்குக்கு வராது, அதனால் வாடை நிற்கிறது. சோடாவின் காரத்தன்மை பாக்டீரியாவுக்கும் ஆகாது. ஆனால் அந்தக் காரத்தன்மை தோலுக்கும் ஆகாது. தோலின் மேல்புறம் லேசான அமிலத்தன்மை உள்ளது, பி.எச். (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, ஏழுக்குக் கீழே அமிலம், மேலே காரம்) ஐந்தை ஒட்டி இருக்கும், அக்குளில் கொஞ்சம் கூடுதல். சோடா கரைந்த தண்ணீரின் பி.எச். 8.3. தினமும் அதைப் பூசி, மேலே கையை அழுத்தி மூடி, வியர்வையில் ஊறவைத்தால் தோலின் மேலடுக்கு தளர்ந்துபோகும். கரையாத சோடா மணல் மாதிரி உரசவும் செய்யும். சவரம் செய்த அன்று என்றால் கேட்கவே வேண்டாம். எனக்குத் தெரிந்து சிலர் சோடாவை வருடக்கணக்கில் போட்டும் ஒன்றும் ஆகாமல் இருக்கிறார்கள். அது அவர்கள் தோலின் அதிர்ஷ்டம். ஒருமுறை எரிந்தவர் மறுபடி அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

இடையில் ஒரு எச்சரிக்கை. கடையில் "சோடா உப்பு" என்று கேட்டால் சில மளிகைக் கடைகளில் ஆப்பச்சோடாவுக்குப் பதில் சலவை சோடாவைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். சலவை சோடாவின் பி.எச். 11. அது துணிக்கு. தோலில் பட்டால் வெந்துவிடும். அதே மாதிரி நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் கேட்கும்போது அதையே சீனக்காரம் என்றும் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். ஆனால் வெங்காரம் வேறு சரக்கு, அது போராக்ஸ். பெயர் ஒலி ஒன்றாக இருக்கிறதே என்று மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

படிகாரம் என்று சொன்னேன் அல்லவா, உங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது அதைத்தான். சவரம் முடிந்ததும் முடிதிருத்தும் கடையில் கன்னத்தில் தேய்ப்பார்களே, வாசலில் திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிடுகிறோமே, அதே கல். தோலைச் சற்று இறுக்கும், பாக்டீரியாவை வளரவிடாது, தண்ணீரில் கரைத்தால் அமிலத்தன்மை தரும். அமிலம் தோலின் பக்கம் நிற்கிறது, அக்குள் பாக்டீரியாவுக்கோ எதிரி. சோடா போகிற திசைக்கு நேர் எதிர்த் திசை.

செய்வது ஐந்து நிமிட வேலை. கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் 100 மில்லி. படிகாரப் பொடி 4 கிராம், அதாவது தலை தட்டிய சிறு கரண்டி ஒன்று. கிளிசரின் அரைச் சிறு கரண்டி. மூன்றையும் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, பிளாஸ்டிக் தெளிப்பான் குப்பியில் ஊற்றுங்கள். உலோக மூடி வேண்டாம், அரித்துவிடும். குளித்து, நன்றாகத் துடைத்து, இரண்டு பக்கமும் இரண்டு முறை தெளித்து, காயவிட்டுச் சட்டை போடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தோடு சட்டை போட்டால் பாதி மருந்து சட்டைக்குத்தான் போகும். இரண்டு வாரத்துக்கு மேல் ஒரே குப்பியை வைத்துக்கொள்ள வேண்டாம், புதிதாகக் கலந்துகொள்ளுங்கள். கல்லையே நனைத்துத் தேய்க்கலாமே என்றால் தேய்க்கலாம். ஆனால் கல் உடைகிற இடத்தில் விளிம்பு கூராக இருக்கும், மெல்லிய தோலைக் கீறும். எனக்குத் தண்ணீர்தான் சௌகரியம்.

ரோஜாத் தண்ணீர், வெட்டிவேர் ஊறிய தண்ணீர் இதற்குள் சேர்க்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். அன்றன்றைக்குக் கலந்து அன்றைக்கே தீர்ப்பதென்றால் சேர்க்கலாம். குப்பியில் வைப்பதென்றால் வேண்டாம். செடியிலிருந்து எடுத்த எந்தத் தண்ணீரும் நம் வெப்பத்தில் சில நாளில் பூஞ்சை பிடிக்கும். வெளியே தெளிவாக இருந்தாலும் உள்ளே என்ன வளர்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். "அலுமினியம் இல்லாத இயற்கை டியோடரண்ட்" என்ற பெயரில் படிகாரக் கல்லை விற்கிறார்கள். படிகாரம் என்பதே பொட்டாசியம் அலுமினியம் சல்பேட். அலுமினியம் இல்லாத படிகாரம், தேங்காய் இல்லாத தேங்காய்ச் சட்னி. கடையில் விற்கும் வியர்வைத் தடுப்பான்களில் இருக்கும் அலுமினியச் சேர்மங்கள் வியர்வைக் குழாயின் வாயில் கூழாகி அடைத்துக்கொள்ளும், அதனால் வியர்வையே குறையும். படிகாரம் அந்த அளவுக்கு அடைப்பதில்லை, பெரும்பாலும் மேலேயே நிற்கிறது. வேற்றுமை இருக்கிறது, ஆனால் உலோகம் ஒன்றுதான். இதனால் மார்பகப் புற்றுநோய் வரும் என்ற பேச்சு நெடுநாளாக ஓடுகிறது, இதுவரை அப்படி நிரூபிக்கப்படவில்லை. நான் பயப்படுவதில்லை. ஆனால் சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் எந்த அலுமினியத்தையும் தொடர்ந்து போடக் கூடாது. அமெரிக்காவில் வியர்வைத் தடுப்பான்களின் அட்டையிலேயே இந்த எச்சரிக்கை அச்சாகிறது. படிகாரத்துக்கும் அதையே பொருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேடிக்கை. படிகாரத்தையும் சோடாவையும் சேர்த்துக் கலக்கச் சொல்லும் செய்முறைகள் நிறைய சுற்றுகின்றன, "இரண்டு மடங்கு பலன்" என்று. ஒன்று அமிலம், ஒன்று காரம். ஈரம் பட்டதும் நுரைத்துப் பொங்கி இரண்டும் ஒன்றை ஒன்று தீர்த்துவிடும். மிஞ்சுவது வெள்ளையாக ஒரு கூழ். சோடாவும் எலுமிச்சைச் சாறும், சோடாவும் வினிகரும் இதே கதை. நுரை வருவதைப் பார்த்து வேலை செய்கிறது என்று நம்பிவிடுகிறார்கள்.

தண்ணீர் பிடிக்கவில்லை, குழைவாகத் தடவுகிற மாதிரி வேண்டும் என்றால் உங்கள் பழைய செய்முறையையே நம் ஊருக்குத் தக்கபடி திருத்தலாம். செய்ய வேண்டியது இரண்டு: சோடாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் துத்தநாக ஆக்சைடு போடுவது, எண்ணெய் உருகாதபடி தேன்மெழுகு சேர்ப்பது. துத்தநாகம் புதுசு இல்லை. 1888ல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் 'மம்' என்ற பெயரில் வந்த, கடைச் சரக்கான முதல் டியோடரண்ட் என்று சொல்லப்படுகிற களிம்பே துத்தநாகச் சேர்மத்தை மெழுகுக் குழம்பில் கலந்ததுதான். கலமைன் லோஷனிலும் குழந்தைகளின் அரையிடுக்குப் புண்ணுக்குத் தடவும் வெள்ளைக் களிம்பிலும் இருப்பது இதுவே. புண்ணான தோலுக்கே போடுகிற பொருள் என்பதால் எனக்கு இதன்மேல் நம்பிக்கை அதிகம்.

100 கிராமுக்குக் கணக்கு இது. தேங்காய் எண்ணெய் 30, தேன்மெழுகு 12, கோகம் வெண்ணெய் அல்லது ஷியா வெண்ணெய் 20, விளக்கெண்ணெய் 5, ஆரோரூட் மாவு 25, துத்தநாக ஆக்சைடு 7, வாசனை எண்ணெய் அதிகபட்சம் 1. சித்திரை வைகாசியில் மெழுகை 16 ஆக்கி தேங்காய் எண்ணெயை 26 ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும், அதனால் வேலூர் வெயிலுக்கும் அசையாது. கோகம் வெண்ணெய் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துக் கோகம் பழக் கொட்டையிலிருந்து எடுப்பது, உடம்புச் சூட்டுக்குச் சற்று மேலேதான் உருகும். ஷியாவை விட நம் வெயிலைத் தாங்கும் என்பதால் நான் அதைத்தான் வாங்குகிறேன். பிசுபிசுப்பும் குறைவு.

ஒரு பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்து, அதன்மேல் சின்னக் கிண்ணத்தை வைத்து மெழுகை முதலில் உருக்குங்கள். நேரே அடுப்பில் வைக்காதீர்கள், மெழுகு தீப்பிடிக்கும் சரக்கு. மெழுகு உருகியதும் வெண்ணெயும் எண்ணெய்களும் சேர்த்து, எல்லாம் தெளிவானதும் இறக்கிவிடுங்கள். மாவையும் துத்தநாகத்தையும் இரண்டு முறை சலித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். பொடி பறக்கும், முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். இப்போதுதான் பொறுமை வேண்டும். உடனே குப்பியில் ஊற்றினால் துத்தநாகம் அடியில் போய்விடும், பழைய கதைதான். கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்து, கேசரி கிளறுகிற மாதிரி விடாமல் கிளறிக்கொண்டே இருங்கள். இளஞ்சூடாகித் தயிர்ப் பதம் வந்ததும் வாசனை எண்ணெயை விட்டு, வாயகன்ற குப்பியில் வழித்து வையுங்கள். ஒரு துளித் தண்ணீரும் படாமல் இருந்தால் மூன்று மாதம் இருக்கும். விரல் விடாமல் சின்னக் கரண்டியால் எடுப்பது நல்லது. ஒரு பயறு அளவு போதும், ஒரு பக்கத்துக்கு. கூடுதலாக அப்பினால் சட்டையில் எண்ணெய்க் கறை நிச்சயம்.

ஆரோரூட் என்றால் நம் கூவைக்கிழங்கு மாவு. வயிற்றுக்கடுப்புக்கும் குழந்தைக்கும் கஞ்சி காய்ச்சுவார்களே, அது. கடையில் அந்தப் பெயரில் விற்பது பல நேரம் சோள மாவோ மரவள்ளி மாவோதான். இந்த வேலைக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை, ஈரத்தை உறிஞ்சினால் சரி. தேன்மெழுகு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், பாரஃபின் கலந்திருக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள், தேன் வாசனை லேசாக வர வேண்டும். துத்தநாக ஆக்சைடை சோப்பு, அழகுப் பொருள் மூலச்சரக்கு விற்கும் கடையில் தோலுக்குரிய தரம் என்று கேட்டு வாங்குங்கள். பெயிண்ட், ரப்பர் வேலைக்கு விற்கிற மலிவுச் சரக்கு வேண்டாம்.

மாவு வகையாக மட்டும் வேண்டுமென்றால் அதுவும் உண்டு. ஆரோரூட் மாவு 60 கிராம், பொடித்துச் சலித்த நாமக்கட்டி 25, துத்தநாக ஆக்சைடு 10, பொரித்த படிகாரம் 5. படிகாரத்தை வாணலியில் போட்டால் முதலில் தண்ணீராக உருகும், பிறகு பொங்கிப் பொரி மாதிரி உப்பி வெள்ளையாகக் காயும். அதை ஆறவிட்டு நுணுக்கிச் சேர்க்க வேண்டும். நாமக்கட்டி என்றதும் சிரிக்காதீர்கள். அழகுசாதனக் கடையில் வெள்ளைக் களிமண் என்று உயர்ந்த விலைக்கு விற்பதற்குச் சொந்தக்காரன்தான் அது. திருவண்ணாமலை மாவட்டம் ஜடேரி கிராமத்து நாமக்கட்டிக்கு 2023ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, உங்கள் வேலூரிலிருந்து பக்கம்தான். உடம்பு பருமனாக இருந்து மடிப்புகளில் வியர்க்கிறவர்களுக்கு இந்த மாவு களிம்பை விட ஒத்துவரும். கறுப்பு உடைக்கு மட்டும் ஆகாது, வெள்ளைத் திட்டு தெரியும்.

வாசனையைப் பற்றி. இந்த விஷயத்தில் நம்மவர்கள் கை கொஞ்சம் தாராளம். வாசனை எண்ணெய் இயற்கையானது என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் விடலாம் என்று நினைப்பது தவறு. 100 கிராமுக்கு 1 மில்லி, அதாவது சுமார் 20 துளி, அதுதான் எல்லை. எலுமிச்சைப்புல் தைலம் அதில் பாதி. கிராம்பு, இலவங்கப்பட்டை எண்ணெய்கள் அக்குளுக்கு வேண்டவே வேண்டாம். டீ ட்ரீ எண்ணெய் பாக்டீரியாவைக் கொல்லும் என்பது உண்மை, ஆனால் குப்பி பழசானால் அது காற்று பட்டு மாறி ஒவ்வாமை தரும். கைக்குழந்தையைத் தூக்குகிற தாய்மார்கள் கற்பூரம், நீலகிரித் தைலம் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். எனக்குப் பிடித்தது வெட்டிவேர். அதன் எண்ணெய் கெட்டியானது, மெதுவாகத்தான் ஆவியாகும், காலையில் போட்டது மாலையிலும் மண்வாசனையாக நிற்கும். விலைதான் கொஞ்சம் கடிக்கும். பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று வேரையே தேங்காய் எண்ணெயில் போட்டு வெயிலில் வைத்துப் பார்த்தேன். பத்து நாள் கழித்துக் கிடைத்தது தேங்காய் எண்ணெய் வாசனைதான், வெட்டிவேரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

நலங்கு மாவு போதாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. தேய்த்துக் குளிக்க அருமையான பொருள். ஆனால் அது கழுவத்தான், பூசிக்கொண்டு அலுவலகம் போக இல்லை. பயறு மாவு ஈரத்தில் நின்றால் பாக்டீரியாவுக்குத் தீனி. கடையில் வாங்கும் நலங்கு மாவில் கார்போக அரிசி இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் சோராலன் என்ற பொருள் இருக்கிறது, அது தோலில் இருக்கும்போது வெயில் பட்டால் தோல் வெந்து கறுக்கும். கையில்லாத சட்டை போடுகிறவர்கள் கழுவாமல் வெளியே போகக் கூடாது.

எலுமிச்சம்பழத்தை வேண்டாம் என்றதும் இதே காரணத்தால்தான். அதன் தோலில் உள்ள எண்ணெயில் இதே குடும்பத்துப் பொருள் இருக்கிறது. சாறோ பி.எச். இரண்டுக்குப் பக்கத்தில், ஏற்கெனவே புண்ணான தோலில் அது மிளகாய்தான். கறுப்பு போக என்று தேய்த்து, எரிந்து, அதனால் இன்னும் கறுத்து, மேலும் தேய்த்து, இப்படியே போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எரிச்சலால் வந்த கறுப்பு, எரிச்சல் நின்றால் சில மாதத்தில் தானாக மங்கும்.

ஆனால் கறுப்பு இன்னொரு வகையும் உண்டு, அதை இங்கே சொல்லாமல் விட முடியாது. அக்குளிலும் பின்கழுத்திலும் தோல் தடித்து, வெல்வெட் துணி மாதிரி மடிப்பு மடிப்பாகக் கறுத்திருந்தால் அது அழுக்கும் இல்லை, டியோடரண்ட் செய்ததும் இல்லை. உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக அது பல நேரம் வரும். நம் வீடுகளில் பிள்ளைகளைப் பிடித்து வைத்துப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்து, "கழுத்தைக் கழுவுவதே இல்லை" என்று திட்டுவது இதைப் பார்த்துத்தான். தேய்ப்பதை விட்டுவிட்டு ஒரு சர்க்கரைப் பரிசோதனை செய்யுங்கள். உங்களுக்குப் பத்தாம் நாள் சிவந்து எரிந்த பிறகுதான் கறுத்தது என்பதால் அது இருக்காது, இருந்தாலும் பின்கழுத்தைக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அதேபோல், எதையும் மாற்றாமல் திடீரென்று வாடை மாறினாலோ, மீன் வாடை அடித்தாலோ, கை தூக்க முடியாமல் சட்டை நனைகிற அளவு வியர்த்தாலோ, எந்தக் களிம்பும் அதைத் தீர்க்காது. மருத்துவரிடம்தான் போக வேண்டும். வெந்தயம் நிறைய சாப்பிட்டால் வியர்வையில் வெல்லப்பாகு மாதிரி ஒரு வாசனை வரும். அதற்குப் பயப்படத் தேவையில்லை.

சட்டையைப் பற்றிக் கொஞ்சம். பாதி வாடை தோலில் இருப்பதில்லை, துணியில்தான். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தில் 2014ல் உடற்பயிற்சி செய்தவர்களின் சட்டைகளை ஆராய்ந்தபோது, பாலியஸ்டர் சட்டை பருத்தியை விட மோசமாக நாறுகிறது என்று கண்டார்கள். தோலில் அவ்வளவாக இல்லாத மைக்ரோகாக்கஸ் என்ற பாக்டீரியா பாலியஸ்டரில் நன்றாக வளர்கிறதாம். துவைத்து மடித்து வைத்த சட்டை, போட்டுக்கொண்டு பஸ் ஏறிய பத்தாவது நிமிஷமே நாறினால் கக்கத்தைக் குறை சொல்லாதீர்கள். அந்தச் சட்டையின் கைக்குழியை வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு கலந்து அரை மணி ஊறவைத்து, பிறகு துவைத்து, உட்புறத்தை வெளியே திருப்பி வெயிலில் காயப்போடுங்கள். இங்கே மட்டும் நம் வெயில் நமக்குச் சாதகம்.

புதிதாக எதைச் செய்தாலும் முழங்கை மடிப்பின் உட்புறம் கொஞ்சம் தடவி இரண்டு நாள் பாருங்கள். தோல் முழுக்க ஆறிய பிறகு படிகாரத் தண்ணீரில் தொடங்கி, ஒரு வாரம் சரியாகப் போனால் களிம்பு செய்யலாம். சவரம் செய்த அன்று எதுவும் போடாதீர்கள். முடியை மழிக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை, கத்தரியால் குட்டையாக வெட்டினாலே காற்றோட்டம் வந்து பாதி வேலை முடியும்.

அப்புறம், அந்தப் பழைய குப்பியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புது எவர்சில்வர் பாத்திரத்தில் விலைச் சீட்டைப் பிய்த்ததும் பசை ஒட்டிக்கொண்டு வராமல் நிற்குமே, அதன்மேல் இந்தக் குழம்பைத் தடவிக் கால் மணி விட்டுத் தேய்த்தால் சுத்தமாக வந்துவிடும். எண்ணெய் பசையை இளக்கும், சோடா சுரண்டும். என் வீட்டில் இரண்டு வருடமாக அந்த வேலைக்கு அந்தக் குப்பிதான்.